பழைய படமும் ஒரு பழைய கடிதமும்

என் மாமனார் நாற்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்ற இரண்டாவது மாதமே இடுப்பு பிடித்துக்கொண்டது. முதுகு நிமிர்ந்த நாற்காலியில்தான் உட்கார வேண்டும், குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது, ஆறு வாரம் பொறுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சும்மா இருந்தே பழக்கமில்லாத மனிதர். உட்கார்ந்த இடத்திலிருந்தே எந்தக் கதவு எண்ணெய் கேட்கிறது, எந்தக் குழாய் சொட்டுகிறது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த அத்தை என் மனைவிக்குப் போன் செய்தார்.

"உங்கப்பாவுக்கு ஏதாவது வேலை குடு. இல்லன்னா எனக்கு வேற வீடு பாரு."

என் மனைவி நூலகத்தில் புத்தகங்களுக்குப் பட்டியல் போடுபவள். எதைக் கொடுத்தாலும் வரிசைப்படுத்தி அடுக்கினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். எண்பதுகளில் சக்கைப்போடு போட்ட படங்களாகத் தேடிப் பிடித்து, ஆண்டு வாரியாகப் பட்டியல் போட்டு, டிவியில் ஏற்றிக் கொடுத்தாள். தினம் மூன்று மணிக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாங்கள் இருவரும் அங்கே சாப்பிடப் போவோம் என்பதால் அன்றைய படம் எல்லோருக்கும் பொது.

மாமா இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு நாற்காலியில் நீதிபதி மாதிரி உட்கார்ந்திருப்பார். சோபாவின் ஓரத்தில் அத்தை துணி மடித்துக்கொண்டிருப்பார். மாப்பிள்ளை என்கிற மரியாதைக்காக டிவிக்கு நேர் எதிரே நடு இடம் எனக்கு. அந்த மரியாதையின் கஷ்டம் போகப் போகத்தான் தெரிந்தது. இரண்டு பக்கத்து அபிப்பிராயமும் என் தலைக்கு மேலாகத்தான் போய் வரவேண்டும்.

அத்தை ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவர். எங்கள் வட்டாரத்தில் பாதிப் பேரை அவருக்கு முகத்தைவிட நரம்பால்தான் அடையாளம் தெரியும். முதல் ஞாயிறு பார்த்த படத்தில் கதாநாயகனுக்குத் தோளில் குண்டு பட்டது. அவன் அதோடு ஆறு நிமிஷம் பாடினான். பிறகு அம்மாவைத் தேடி ஒரு கோபுரத்தின் படிகளில் ஏறினான்.

"ரெண்டு லிட்டராவது போயிருக்கும். ஏறுறான் பாருங்க" என்றார் அத்தை.

"தாய்ப்பாசம்மா. பாசத்துல ஏறுறான்" என்றார் மாமா.

"பாசத்துல ஹீமோகுளோபின் ஏறாதுங்க."

கடைசியில் அம்மாவுக்கு ரத்தம் தேவைப்பட்டது. இரண்டு பிள்ளைகளையும் இரண்டு பக்கம் படுக்க வைத்து, இருவர் கையிலிருந்தும் அம்மாவின் கைக்கு நேராகக் குழாய் விட்டார்கள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தை மடித்துக்கொண்டிருந்த தலையணை உறையைக் கீழே போட்டார்.

"குரூப் பாக்கல. கொதிக்க வச்ச ஊசி மாதிரியும் தெரியல. குழாய்ல காத்து வேற போகுது. அந்தம்மா பொழைக்காது."

அந்தம்மா பிழைத்து, எழுந்து உட்கார்ந்து, பிள்ளைகளை அடையாளம் கண்டுகொண்டார். அத்தை டிவியை முறைத்த முறையில் அந்த ஆஸ்பத்திரிக்குப் பூட்டு போட்டிருப்பார்கள்.

மாமா எந்தக் கதாநாயகனையும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆனால் இரண்டாவது ஞாயிறு வில்லன் ஏறிய லிஃப்டின் கயிறு அறுந்து, பெட்டி பத்து மாடி கீழே விழுந்து வெடித்தது. அவர் முகம் கறுத்துவிட்டது. "கயிறு அறுந்தா பிரேக் பிடிச்சுக்கும். விழவே விழாது. லிஃப்ட் எதுக்கு வெடிக்குது, அதுக்குள்ள என்ன பெட்ரோலா இருக்கு?" என்று இடைவேளைவரை புலம்பினார். "பாசத்துல வெடிச்சிருக்கும்" என்றார் அத்தை.

என் மனைவியின் ஆத்திரம் வேறு வகை. நூலகத்தில் ஒரு பாட்டு வந்தது. நாற்பது பேர் ஆடி, அலமாரி அலமாரியாகப் புத்தகங்களைத் தள்ளிவிட்டார்கள். "இதையெல்லாம் யாரு திரும்ப அடுக்குறது?" என்று அவள் டிவியைப் பார்த்துக் கேட்டாள். என்னை யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. ஆனாலும் எனக்கென்று ஒன்று இருந்தது. காது சோதிப்பது என் தொழில். கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்வேன். இந்தப் படங்களில் கன்னத்தில் ஒரு அறை விட்டால் அடுத்த ஊருக்குக் கேட்கிறது, பத்தடி தள்ளி மரத்துக்குப் பின்னால் நின்று கதாநாயகி கூப்பிடுவது மட்டும் கதாநாயகனுக்குக் கேட்பதில்லை. ஒருவரும் அவனை எங்களிடம் அனுப்பி வைக்கவில்லை.

மூன்றாவது வாரம் அத்தை படங்களுக்கு ரிப்போர்ட் எழுத ஆரம்பித்தார். பரிசோதனைக் கூடத்தில் தப்பாக அச்சடித்து ஒதுக்கிய படிவங்கள் ஒரு கட்டு அவரிடம் இருந்தது. அதில் அதே கையெழுத்தில், அதே கண்டிப்போடு எழுதினார். 'படம்: அண்ணன் தம்பி பிரிந்து சேர்வது. ரத்தம்: மிக அதிகம். கண்ணீர்: மிக மிக அதிகம். சர்க்கரை: முதல் பாதியில் இயல்பு, பாட்டுக்குப் பின் அபாயம். புத்தி: பரிசோதிக்க மாதிரி போதவில்லை.' ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். உடன் வேலை செய்பவர்கள் அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். மாமாவுக்கு உள்ளூர வருத்தம்தான். "இவ எழுதுறதப் படிச்சா யாரு படம் பாப்பாங்க" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

நான்காவது ஞாயிறு போட்டது ரயில்வே கேட் படம். அதன் உண்மைப் பெயரை எங்கள் வீட்டில் இப்போது யாரும் சொல்வதில்லை, ரயில்வே கேட் படம் என்றுதான் சொல்கிறோம். கதாநாயகன் ரயில்வே கேட்டில் வேலை செய்பவன். சைக்கிளில் வரும் கதாநாயகியை நின்று பார்ப்பதற்காக, ரயில் வராதபோதும் கேட்டைச் சாத்திவிடுவான்.

"அந்தப் பக்கம் எத்தனை ஆம்புலன்ஸ் நிக்குதோ" என்று அத்தை ஆரம்பித்தார். மாமா பதிலுக்கு வாயைத் திறந்தார். அதற்குள் கதாநாயகன் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினான். சாத்திய கேட்டுக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள்.

"உன் வீட்டு வாசல் விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் எனக்கு இரவு தொடங்குகிறது. அது அணைந்த பிறகும் எனக்கு வெளிச்சம் இருக்கிறது."

அத்தையின் கை பாதி மடித்த போர்வையோடு நின்றது. அடுத்த வரிக்கு அவர் உதடு அசைந்தது. அதற்கடுத்த வரியைக் கதாநாயகனுக்கு முன்பாகவே அவர் சொல்லிவிட்டார்.

"நீ சரி என்று சொன்னால் மனிதனாக இருப்பேன். இல்லை என்று சொன்னால் கவிஞனாகிவிடுவேன். நாட்டில் கவிஞர்கள் ஏற்கெனவே அதிகம். கொஞ்சம் யோசித்துப் பார்."

கதாநாயகன் அதையே சொல்லி முடித்தான். ரயில் ஒன்று குறுக்கே போனது. ஒரு சத்தம் காதில் விழுந்ததும் முகம் எப்படி மாறும் என்று பார்ப்பதுதான் என் வேலை. மாமாவின் முகத்தில் நான் பார்த்தது, நின்றுபோன லிஃப்டுக்குள் தனியாக மாட்டிக்கொண்டவனின் முகம்.

அத்தை ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார். படுக்கையறைக்குப் போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பழைய எக்ஸ்ரே உறை ஒன்றைக் கொண்டுவந்து, அதற்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். மேலே வலது மூலையில் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி தேதி. அதன் கீழே மாமாவின் கோணல் கையெழுத்தில், சில எழுத்துப் பிழைகளோடு, கதாநாயகன் சொன்னது அத்தனையும் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மாமா அத்தைக்கு எழுதிய கடிதம் அது. எங்கள் வீட்டில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம், ஒருவரும் பார்த்ததில்லை. 'அந்த லெட்டர் மட்டும் வரலன்னா நான் உங்கப்பாவைத் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டேன்' என்று அத்தை பெருமையாகச் சொல்வார்.

படத்தை முன்னும் பின்னும் ஓட்டி வரிக்கு வரி சரிபார்த்தார். பதினொரு முறை அந்த ரயில் போனது. கடைசி மூன்று வரி மட்டும் கடிதத்தில் கூடுதலாக இருந்தது: 'எனக்குக் குறட்டை உண்டு. லிஃப்ட் நின்றுவிட்டால் எந்த நேரமும் போக வேண்டியிருக்கும். கை எப்போதும் கிரீஸ்தான். இதையெல்லாம் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.' எண்ணிப் பார்த்தால் நாலு வாக்கியம், மூன்று வரியில் நெருக்கி எழுதியிருந்தது. அப்போது அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

"ஏங்க, படத்தைப் பாத்து எழுதினீங்களா?" அத்தை குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அது... அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான்..."

"நான் எல்லாரையும் கேக்கல."

மாமா தண்ணீர் வேண்டும் என்றார். நான் எழுந்து போய்க் கொண்டுவந்தேன். குடித்து முடித்த பிறகும் கேள்வி அங்கேயே இருந்தது.

திங்கட்கிழமையிலிருந்து அத்தை மாமாவிடம் நேராகப் பேசவில்லை. எனக்குப் போன் செய்து, "மாப்பிள்ளை, மாமாகிட்ட மாத்திரை சாப்பிடச் சொல்லுங்க" என்பார். நான் மாமாவுக்குப் போன் செய்வேன். அவர் அதே ஹாலில் ஐந்தடி தள்ளி உட்கார்ந்திருப்பார். வேலையிலிருந்து வந்ததும் அத்தை தனியாக உட்கார்ந்து, மனைவி போட்டுக் கொடுத்த பட்டியலிலிருந்து படங்களை வேகமாக ஓட்டிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் மாமா சொன்ன நல்ல வார்த்தைகளில் இன்னும் எவையெல்லாம் இரவல் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. முதல் சண்டைக்குப் பிறகு மாமா மன்னிப்புக் கேட்டபோது சொன்ன 'கோபப்பட்டது நாக்கு, அழுறது நான்' என்பது ஒரு டாக்டர் படத்தில் அகப்பட்டது. என் மனைவி பிறந்தபோது சொன்ன 'உன்னை மாதிரியே இருக்கா, நான் பொழைச்சேன்' இரண்டு படங்களில் அகப்பட்டது. எல்லாவற்றையும் படிவத்தில் எழுதினார். அந்த ரிப்போர்ட்டை ஃப்ரிட்ஜில் ஒட்டவில்லை, மாமாவின் மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்தார்.

புதன்கிழமை மாமா சரணடைந்தார். "ஆமா, படத்தைப் பாத்துதான் எழுதினேன். போதுமா? உன்னைக் கட்டிக்கணும்ங்கற ஆசையில பண்ணிட்டேன்."

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். ஆசையில் திருடியவனுக்குத் தண்டனை குறைவுதான் என்று தோன்றியிருக்க வேண்டும். அன்று சாயங்காலம் மாமாவின் காபியில் மறுபடியும் சர்க்கரை இருந்தது.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். கெடுத்தது என் மனைவி. அடுத்த ஞாயிறு அந்தப் படத்தை முதலிலிருந்து ஒரு தடவை பார்க்கலாம் என்று போட்டாள். படம் தொடங்குவதற்கு முன்னால் தணிக்கைச் சான்றிதழ் வந்தது. பட்டியல் போடுகிறவளுக்குத் தேதி கண்ணில் படாமல் போகுமா. நிறுத்தினாள்.

"அம்மா, அந்த லெட்டர்ல என்ன தேதி?"

அத்தை எடுத்து வந்து காட்டினார். கடிதம் எழுதி இருபத்தொரு மாதம் கழித்துத்தான் படமே வந்திருந்தது.

"அப்பா, வராத படத்தை எப்படிப்பா பாத்தீங்க?"

மாமா திருதிருவென்று விழித்தார். செய்யாத திருட்டை ஒப்புக்கொண்ட மனிதர் பாவம், மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. ஆனால் அடுத்த நிமிஷமே அவருக்குள் ஏதோ ஒன்று எரிந்தது. நாற்காலியில் இன்னும் நிமிர்ந்தார்.

"அப்ப அவங்கதான் என்னைப் பாத்துக் காப்பி அடிச்சிருக்காங்க."

"அப்புறம் ஏன் நீங்க பண்ணதா ஒத்துக்கிட்டீங்க?" என்றார் அத்தை.

"சர்க்கரை இல்லாத காபிய எத்தனை நாள் குடிக்கிறது?"

ஒரு நாள் முழுக்க மாமா ஏமாற்றப்பட்ட எழுத்தாளராக வாழ்ந்தார். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்னார், மருந்துக் கடைக்காரருக்குச் சொன்னார், இடுப்புக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணை, பிடித்திருந்த காலை விடச் சொல்லிவிட்டு அவளுக்கும் சொன்னார். திங்கட்கிழமை மாலை எங்களை வரச்சொல்லி, படக் கம்பெனிக்கு ஒரு புகார்க் கடிதம் எழுத வேண்டும் என்றார். "படத்துல என் பேரைப் போடணும், அவ்வளவுதான். மாப்பிள்ளை, உங்க எழுத்து நல்லா இருக்கும். நீங்க எழுதுங்க."

"அவர் எதுக்கு?" என்றார் அத்தை. "உங்க எழுத்துதான் சினிமாவுலயே வந்திருக்கே. நீங்களே எழுதுங்க."

பேனாவும் தாளும் கொடுத்தார். மாமா ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். 'ஐயா,' என்று எழுதியிருந்தார். பிறகு அந்த 'ஐயா'வுக்கு அடியில் ஒரு கோடு போட்டிருந்தார். அத்தை காய் நறுக்கிக்கொண்டே அந்தத் தாளை ஓரக்கண்ணால் பார்த்தார். நரம்பு தேடும்போது இருக்கும் அதே பார்வை.

இதற்கிடையில் என் மனைவி கம்பெனி விலாசத்துக்காகப் படத்தில் வரும் பெயர்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் படித்துக்கொண்டிருந்தாள். ஒப்பனை, உடை, சண்டை என்று போய், வசன உதவி என்ற இடத்தில் ஒரு பெயரைச் சத்தமாக வாசித்தாள். மாமாவின் கையிலிருந்து பேனா நழுவி விழுந்தது. பதற்றத்தில் மருத்துவர் சொன்னதை மறந்து அதை எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

தரையில் பாய் போட்டு அவரைக் குப்புறப் படுக்க வைத்து இடுப்பில் வெந்நீர்ப் பை வைத்தோம். அந்த நிலையிலேயே, தரையைப் பார்த்தபடியே அவர் உண்மையைச் சொன்னார்.

"அது மீசை."

மீசை என்பது மாமா வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர். கல்யாணப் போட்டோவில் மாமாவுக்குப் பின்னால் பாதி முகமும் முழு மீசையுமாக நிற்பவர். அவர் எழுதிக் கொடுத்தார், மாமா பார்த்து எழுதினார். பிற்பாடு மீசை சினிமாவுக்குப் போனது மாமாவுக்குத் தெரியும். அந்தக் கடிதத்தையும் கூடவே கொண்டுபோனது தெரியாது.

"அப்ப எனக்கு லெட்டர் எழுதினது வேற ஆளு" என்றார் அத்தை, வெந்நீர்ப் பையை அழுத்திக்கொண்டே. மாமா ஒரு முறை முனகினார்.

"அந்த ஆள நான் பாக்கணும்."

மாமா எழுந்து நடக்கப் பத்து நாள் ஆனது. அதற்குள் பழைய நண்பர்கள் வழியாக மீசையின் விலாசம் கிடைத்தது. நான்கு பேரும் போனோம். ஒரு பெரிய அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். முகத்தில் இப்போது மீசை இல்லை. மாமாவைப் பார்த்ததும் மிஷினை அப்படியே ஓடவிட்டுவிட்டு வந்து கட்டிப்பிடிக்கப் போனார். "இடுப்பு, இடுப்பு" என்று நாங்கள் மூவரும் ஒரே குரலில் தடுத்தோம்.

அத்தை கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். மீசை அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் கொஞ்சமும் குற்ற உணர்வு இல்லை.

"இதையா இத்தனை வருஷம் வச்சிருக்கீங்க? ஆறு பேருக்கு எழுதிக் குடுத்தேன்மா இதை. உங்க வீட்டுக்காரர் நாலாவது."

மாமா பக்கத்திலிருந்த ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். ஆறு பேர் என்பது அவருக்கும் புதிய செய்தி.

"ஆறு பேருமா கட்டிக்கிட்டாங்க?" என்று என் மனைவி கேட்டாள். கணக்குச் சரியாக வேண்டும் அவளுக்கு.

"ரெண்டு பேரு முடியாதுன்னுட்டாங்க. நாலு கல்யாணம். அதுல ஒருத்தன் லெட்டர் வீடு மாறிப் பக்கத்து வீட்டுப் பொண்ணு கைக்குப் போயிடுச்சு. அந்தப் பொண்ணு சரின்னு சொல்லிடுச்சு. இவனுக்கு இல்லேன்னு சொல்லத் தைரியமில்ல. கட்டிக்கிட்டான். நல்லாத்தான் இருக்காங்க. அதுக்கு மட்டும் இந்த விஷயம் தெரியாது, தெரியவும் கூடாது."

சினிமாவில் மூன்று வருஷம் இருந்தாராம். பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்ததில் படத்தில் ஏறியது இந்த ஒரு கடிதம்தான். அதையும் அந்த நடிகர் ரயில் சத்தத்துக்கு மேல் கத்திக் கெடுத்துவிட்டார் என்பது அவருடைய அபிப்பிராயம். "மெதுவாச் சொல்ல வேண்டிய வரிம்மா அது. அந்தாளு கேட்டைத் திறக்கச் சொல்ற மாதிரி சொன்னாரு."

"இதுல இவரு பண்ணது என்ன?" என்று மாமாவைக் காட்டினார் அத்தை. "எழுத்துப் பிழை மட்டும்தானா?"

மீசை தாளைத் திருப்பி, அடியில் இருந்த வரிகளைப் பார்த்தார். "இது என்னுது இல்ல. ரெண்டு நாள் என்னோட சண்டை போட்டாரு. குறட்டை விடுறத எழுதணும், கிரீஸ் எழுதணும்னு. இது லவ் லெட்டரா, வேலைக்கு மனுவான்னு கேட்டேன். நான் சொன்னா கேக்காம கடைசியில அவரே எழுதி ஒட்டவச்சுட்டாரு போல. நல்ல லெட்டரு, கெட்டுப் போச்சு."

அத்தை கடிதத்தை வாங்கி மடித்தார். மாமாவைப் பார்த்துச் சொன்னாரா, பொதுவாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. "மேல இருக்கறதுக்குத்தான் நான் சரின்னு சொன்னேன். கீழ இருக்கறதோடதான் முப்பத்தொம்பது வருஷமா குடும்பம் நடத்திட்டு இருக்கேன்."

அது பாராட்டா புகாரா என்று மாமா என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் பிடிபடவில்லை.

கிளம்பும்போது அத்தை ஒன்று கேட்டார். "மத்த மூணு பேர் போன் நம்பர் இருக்கா? அந்தப் பொண்ணுங்க நம்பர்."

மீசைக்கு அப்போதுதான் பயம் வந்தது. நம்பர் இருந்தது. கொடுக்க மனமில்லை. அத்தை நகராமல் நின்றார். பின்னால் ஆட்கள் ஜெராக்ஸ் எடுக்கக் காத்திருந்தார்கள். கொடுத்துவிட்டார்.

மூன்று பேரில் ஒருவர் வெளியூரில் மகன் வீட்டில் இருந்தார். மற்ற இருவரும் அடுத்த ஞாயிறே வந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற தட்டச்சு ஆசிரியை. இன்னொருவர் தையல் கடை வைத்திருப்பவர், வீடு மாறி வந்த கடிதத்துக்குச் சரி சொன்னவர் அவர்தான். இருவரும் கணவர்களையும் அழைத்து வந்தார்கள். மீசையும் வந்தார். வராமல் இருந்தால் இன்னும் ஆபத்து என்று கணக்குப் போட்டிருக்கலாம்.

ஆண்கள் நால்வரும் கூச்சத்தோடு வாசலிலிருந்து நேராகப் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார்கள். மாமாவுக்கு மட்டும் நாற்காலி. நான் இரண்டு கட்சிக்கும் டீ கொடுப்பவனாக நடமாடினேன். நடு இடம் அன்று தட்டச்சு ஆசிரியைக்குப் போனது. எனக்குப் பெரிய நிம்மதி.

அத்தை படத்தைப் போட்டார். கேட் சாத்தியது. கதாநாயகன் சட்டைப் பையில் கை விட்டான். மூன்று பெண்களும் சோபாவின் நுனிக்கு வந்தார்கள்.

"உன் வீட்டு வாசல் விளக்கு" என்று அவன் தொடங்கியதும் மூவரும் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார்கள். முதல் வரி கொஞ்சம் வெட்கத்தோடு வந்தது. இரண்டாவது வரிக்குச் சுருதி சேர்ந்தது. 'நாட்டில் கவிஞர்கள் ஏற்கெனவே அதிகம்' என்ற இடத்தில் தட்டச்சு ஆசிரியைக்குச் சிரிப்பு பீறிட்டது, அது மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. ரயில் போய் முடிந்தும் சிரிப்பு முடியவில்லை. தையல்காரர் அத்தையின் தோளில் சாய்ந்து கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். என் மனைவி மூவருக்கும் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று.

பால்கனியில் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. "இந்தப் பக்கம் காத்து நல்லா வருது" என்றார் தட்டச்சு ஆசிரியையின் கணவர்.

உள்ளே கடிதங்கள் வெளியே வந்தன. மூன்றையும் டீப்பாயில் வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். வரிக்கு வரி ஒன்றுதான். அத்தையின் கடிதத்தில் மட்டும் அடியில் அந்த வரிகள். தட்டச்சு ஆசிரியை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார்.

"உங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாவது செஞ்சிருக்காருங்க. என் வீட்டுக்காரர் விடுற குறட்டைக்குப் பக்கத்து வீட்டு நாய் எந்திரிச்சிடும். எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லல."

அத்தை அந்தத் தாளை வாங்கிக்கொண்டார். ஜெராக்ஸ் கடை மேஜையில் சாதாரணமாகப் போட்ட அதே தாளை, எக்ஸ்ரே உறைக்குள் வைக்கும்போது மடிப்புக் கசங்காமல் இரண்டு கையாலும் பிடித்து வைத்தார்.

தையல்காரர் தன் கடிதத்தின் உறையைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாருங்க, உறை மேல என் பேரே இல்ல. பக்கத்து வீட்டுப் பொண்ணு பேரு. வீடு மாறிப் போட்டுட்டாரு."

பால்கனிக்கு டீ கொண்டுபோகக் கிளம்பிய நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

"தெரியுமா உங்களுக்கு?" என்றாள் என் மனைவி.

"அன்னிக்கே தெரியும். பேரு படிக்கத் தெரியாதா எனக்கு? லெட்டர் நல்லா இருந்துச்சு. ஆளும் பாக்க நல்லா இருந்தாரு. அந்தப் பொண்ணு வேற யாரையோ பாத்துட்டு இருந்துச்சு, அதுகிட்ட குடுத்தா குப்பையிலதான் போட்டிருக்கும். நான் சரின்னு சொல்லி அனுப்பிட்டேன்." அவர் பால்கனிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "அவரு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டு இருக்காரு. பாவம், அதுக்காகவே என்னை ஒரு வார்த்தை கடிஞ்சு பேச மாட்டாரு. நீங்களும் சொல்லிடாதீங்க."

பிறகு படத்தின் மீதியைப் பார்த்தார்கள். அத்தை படிவத்தை எடுத்து எல்லோரிடமும் அபிப்பிராயம் கேட்டார். கதாநாயகனை முதல் நாளே வேலையை விட்டுத் தூக்கியிருக்க வேண்டும் என்றார் தட்டச்சு ஆசிரியை. கேட்டுக்கு இந்தப் பக்கம் பஃப் வைத்திருந்த கதாநாயகியின் ஜாக்கெட் கை, அந்தப் பக்கம் போனதும் சாதாக் கையாகிவிட்டது என்றார் தையல்காரர். யாரும் கவனிக்காத அந்தத் தப்பை நிரூபிக்க அவரும் ரயிலை நான்கு முறை ஓட்டவைத்தார்.

மீசைக்குப் பொறுக்கவில்லை. பால்கனிக் கதவில் தலையை நீட்டினார். "வசனம் எப்படிம்மா?"

அத்தை பேனாவை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தார். "வசனம் சுமார்தான். இந்த ஹீரோ சொல்றப்ப ஒண்ணுமே தோணல. எங்க வீட்டுக்காரர் தப்புத் தப்பா எழுதினப்ப நல்லா இருந்துச்சு."

நாற்காலியில் இருந்த மாமா திரும்பிப் பார்க்க முயன்றார். இடுப்பு இடம் கொடுக்கவில்லை. அதனால் தெருவைப் பார்த்தபடியே சிரித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஆண்களையும் உள்ளே கூப்பிட்டார்கள். தையல்காரரின் கணவர் மனைவி பக்கத்தில் ஓரமாக உட்கார்ந்து, மெதுவாக, "ரொம்ப நேரமா என்ன பேசிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார்.

"படத்தைப் பத்தித்தான்" என்றார் அவர்.

மனிதர் பெருமூச்சு விட்டு, தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.